தாரில் மணல்மேட்டைத் தவிர என்ன இருக்கிறது?

தார் பாலைவனம் போய் வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் பதில் அநேகமாக ஒன்றாகத்தான் இருக்கும். ஜெய்சால்மர் கோட்டை, சாம் மணல்மேடு, ஒட்டகச் சவாரி, கூடாரத்தில் ஒரு ராத்திரி ஆட்டம் பாட்டம். குளிர்காலத்து மாலையில் ஐந்து மணிக்கு சாமில் நின்றால் மணலைவிட ஜீப்தான் அதிகம் கண்ணில் படும். அது தப்பில்லை. ஆனால் அதற்காக மட்டும் அவ்வளவு தூரம் போவது வீண்.

ஜெய்சால்மர் மாவட்டம் முழுவதும் மணல்மேடு அல்ல. பாறைத்தளம், சரளை, முள்புதர், உப்புப் படுகை என்றும் நிலம் கிடக்கிறது. அந்த வறட்டு நிலத்தில்தான் வேறெங்கும் பார்க்க முடியாத சில விசித்திரங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏன் இந்த இடத்தில் வந்து அமைந்தது என்று தோண்டிப் பார்த்தால், காரணம் பெரும்பாலும் தண்ணீர் இல்லாமையிலோ மணலின் குணத்திலோ போய் முடியும்.

பிக்கானேரில் தொடங்கி பலோடி, பொக்ரான், ஜெய்சால்மர், பார்மர் வழியாக ஜோத்பூரில் முடியும் சாலைவழி இது. எல்லைப் பக்கச் சுற்றையும் கிளைச் சாலைகளையும் சேர்த்தால் ஏறக்குறைய 1,200 கி.மீ. வரும். ஐந்து நாளில் முடிக்கலாம், ஆறு நாள் என்றால் நிதானமாக இருக்கும். நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரைதான் காலம். பகலில் 25 டிகிரி இருக்கும், விடியற்காலையில் ஐந்து டிகிரிக்கும் கீழே போகும். ஸ்வெட்டரை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம், பாலைவனம் என்றால் வெயில் என்ற நினைப்பில். மே மாதத்தில் போவது வேறு கதை. வழியில் வரும் பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவானது. இந்திய வானிலைப் பதிவேட்டில் அதுதான் உச்சம்.

பிக்கானேரில் கோட்டைக்குப் போவதற்கு முன், விடிந்ததும் போக வேண்டிய இடம் ஊருக்கு வெளியே இருக்கிற ஜோர்பீர். சுற்றுவட்டாரத்தில் செத்துப்போகும் மாடுகளையும் ஒட்டகங்களையும் கொண்டுவந்து கொட்டும் களம் அது. குடும்பத்தோடு போகிற இடமா என்று முகம் சுளிக்கலாம். ஆனால் குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து வரும் ஸ்டெப்பி கழுகுகளும், பாறு கழுகுகளில் நாலைந்து வகையும் ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கில் உட்கார்ந்திருப்பதை இந்தியாவில் வேறெங்கும் இவ்வளவு சுலபமாகப் பார்க்க முடியாது. மஞ்சள்முகப் பாறு கோழி மாதிரி தரையில் நடந்துகொண்டிருக்கும்.

கால்நடைகளுக்கு வலிக்காகப் போடப்பட்ட டைக்ளோஃபினாக் மருந்து, அந்தப் பிணத்தைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. நாடு முழுவதும் பாறுகள் காணாமல் போனது அப்படித்தான். 2006இல் கால்நடைப் பயன்பாட்டுக்கு அது தடை செய்யப்பட்டது. ஜோர்பீர் மாதிரி உணவு உறுதியாகக் கிடைக்கும் இடங்கள் அதனால்தான் முக்கியமாகின்றன. வறண்ட காற்றில் பிணம் அழுகுவதைவிடக் காய்ந்து தோலாவது அதிகம் என்பதால் நாற்றம் எதிர்பார்க்கும் அளவுக்கு இருக்காது. இருந்தாலும் களத்திலிருந்து காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் வண்டியை நிறுத்தக் கூடாது. வெயில் ஏறி வெப்பக் காற்று கிளம்பும்வரை கனமான பறவைகள் எழும்பாது, அதனால் காலை ஏழிலிருந்து ஒன்பதரை வரை அவை தரையிலும் கேஜ்ரி என்கிற வன்னி மரங்களிலும் உட்கார்ந்தே இருக்கும். பத்து மணிக்கு மேல் போனால் வானத்தில் புள்ளிகளைத்தான் பார்க்கலாம். காரை விட்டு இறங்காமல் பார்ப்பது நல்லது. பறவைகளுக்காக மட்டும் சொல்லவில்லை. பிணம் தின்று பழகிய தெருநாய்க் கூட்டம் அங்கே பெரிது, அவற்றுக்கு மனிதரிடம் பயமில்லை.

பிக்கானேரிலிருந்து 30 கி.மீ. தெற்கே தேஷ்னோக். எலிக் கோயில் என்று உலகமே அறிந்த கர்ணி மாதா கோயில். கோலாயத் குளத்தில் மூழ்கி இறந்த மகனை எமனிடமிருந்து கர்ணி மாதா மீட்டார் என்றும், அவர் குலத்தார் இறந்தால் எலியாகப் பிறந்து பிறகு மனிதராகத் திரும்புவார்கள் என்றும் ஐதீகம். ஊரார் எலிகளை காபா என்கிறார்கள். ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. முற்றத்தின் மேல் கட்டியிருக்கும் கம்பிவலையைக் கவனியுங்கள், பருந்தும் கழுகும் இறங்காமல் இருக்க அது. இங்கே ஒரு நடைமுறை விஷயம்: செருப்பைக் கழற்றியாக வேண்டும், தரையில் சிந்திய பாலும் தானியமும் எலிப் புழுக்கையும் இருக்கும். தூக்கி எறியத் தயாரான ஒரு ஜோடி பழைய சாக்ஸ் கொண்டுபோங்கள். காலைத் தூக்கி வைத்து நடக்காமல் தரையோடு தேய்த்தபடி நடக்க வேண்டும். தூக்கி வைக்கும் காலுக்கடியில் எலி வந்துவிடும், தேய்த்து நடக்கும் காலைக் கண்டால் அது விலகிக்கொள்ளும். மிதித்து எலி செத்துவிட்டால் வெள்ளியிலோ தங்கத்திலோ எலி செய்து வைப்பதுதான் அங்கே பரிகாரம்.

திரும்பி பிக்கானேர் வந்து தேசிய நெடுஞ்சாலை 11ஐப் பிடித்தால் பலோடி 160 கி.மீ.யை ஒட்டி வரும். சாலை நன்றாக இருக்கிறது, அதுதான் ஆபத்தும். நேர்க்கோடாக ஓடும் சாலையில் வேகம் தானாக ஏறும், ஒட்டகமும் நீலமானும் மாடும் எந்தக் கணத்திலும் குறுக்கே வரும். ஒட்டகத்தை மோதினால் கார் அதன் காலைத் தட்டும், உடம்பு முழுவதும் முன்கண்ணாடி மேல் விழும். பொழுது சாய்ந்தபின் இந்தப் பக்கம் வண்டி ஓட்டுவதில்லை என்று முடிவெடுத்துக்கொண்டு நாளைத் திட்டமிடுவதே சரி.

கிச்சனில் காலை ஏழு மணி

பலோடிக்குப் பக்கத்தில் ஐந்து கி.மீ.யில் இருக்கும் சின்ன ஊர் கிச்சன். தமிழில் எழுதினால் சமையலறை மாதிரித் தெரிகிறது, பொருத்தமும்கூட. மங்கோலியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் இமயமலையைத் தாண்டி வரும் டெமாய்செல் கொக்குகளுக்கு இந்த ஊர் தினமும் தானியம் போடுகிறது. ஊரார் வைத்த பெயர் குர்ஜா. சாம்பல் உடம்பு, கறுத்த கழுத்து, கண்ணுக்குப் பின்னால் வெள்ளை மயிர்க்கற்றை. கொக்கு இனத்திலேயே சிறியது, இரண்டு மூன்று கிலோதான் எடை. ஆகஸ்ட் இறுதியில் முதல் கூட்டம் வந்துவிடும், மார்ச்சில் கிளம்பிவிடும், உச்சகட்டத்தில் 20,000க்கும் மேல் கூடும்.

இது இயற்கைச் சரணாலயம் இல்லை என்பதுதான் இதன் சுவாரசியம். ஊரில் சமண வணிகக் குடும்பங்கள் அதிகம். புறாக்களுக்கு இரை போடும் வழக்கத்தில் சில குர்ஜாக்களும் வந்து சேர, 1970களில் அது தனி ஏற்பாடாக வளர்ந்தது. நாய் நுழையாமல் வேலி கட்டிய ஒரு மைதானம் அமைத்தார்கள், சுக்கா கர் என்று பெயர். முந்தின மாலையே மூட்டை மூட்டையாகச் சோளம் பரப்பிவிடுவார்கள். விடிந்ததும் பறவைகள் ஊருக்கு வெளியே மணல் திட்டில் வந்து இறங்கிக் காத்திருக்கும். மைதானம் சின்னது, எல்லாம் ஒரேயடியாக இறங்க இடமில்லை. அதனால் ஒரு கூட்டம் தின்று எழும்ப, அடுத்த கூட்டம் இறங்கும். பார்ப்பவருக்கு வரிசையில் நிற்கிற மாதிரியே இருக்கும். ஒன்பது, பத்து மணிக்கு எல்லாம் முடிந்து ஊர்க் குளங்களுக்குப் போய்விடும். செரிமானத்துக்குக் கூழாங்கல் பொறுக்குவதும் தண்ணீர் குடிப்பதும் அங்கேதான்.

பார்க்க நல்ல இடம் வேலியோரம் அல்ல, பக்கத்து வீட்டு மாடிகள். வேலியருகே ஆள் நின்றால் கூட்டம் இறங்காமல் வட்டமடித்துக்கொண்டே இருக்கும், பறவைக்கும் பட்டினி, பார்ப்பவருக்கும் ஏமாற்றம். ட்ரோன் எடுத்துப் போகாதீர்கள். 2025 ஜூனில் கிச்சன் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது, ஆனால் மின்கம்பிகள் பற்றிய பிரச்சினை பட்டியலால் தீர்வதில்லை. மூடுபனிக் காலையில் தாழப் பறக்கும் கூட்டத்துக்குக் கம்பி தெரியாது.

இதே மின்கம்பிதான் இந்த வட்டாரத்தின் இன்னொரு பறவையையும் முடித்துக்கொண்டிருக்கிறது. கோடாவண் என்று இங்கே சொல்வது நம் கானமயில். ஒரு காலத்தில் தமிழ்நாட்டிலும் இருந்தது. ஆண் பறவை 15 கிலோ வரை எடை வரும், கண்கள் தலையின் இருபுறமும் இருப்பதால் நேர் எதிரே வரும் கம்பியைத் தாமதமாகத்தான் பார்க்கும், பார்த்தாலும் அந்த எடையோடு சட்டென்று திரும்ப முடியாது. காட்டில் மிஞ்சியிருப்பவை 150க்கும் குறைவு. ஜெய்சால்மருக்கு மேற்கே பாலைவன தேசியப் பூங்காவில், சுதாசரி பக்கம், வனத்துறை அனுமதியோடு போனால் அதிர்ஷ்டம் இருந்தால் தெரியும். மாவட்டம் முழுவதும் காற்றாலைகளும் சூரியப் பலகைகளும் எழும்போது அவற்றிலிருந்து மின்சாரத்தைக் கொண்டுபோகக் கம்பியும் கூடவே எழுகிறது. 2021இல் உச்ச நீதிமன்றம் கம்பிகளைத் தரைக்கடியில் போடச் சொன்னது, 2024இல் அந்த உத்தரவு தளர்த்தப்பட்டு நிபுணர் குழுவிடம் போனது.

பலோடியை விடுவதற்கு முன் ஒன்று. தேர்தல் சமயத்தில் வட இந்தியச் சேனல்கள் எல்லாம் சொல்லும் 'பலோடி சட்டா பஜார்' என்ற பந்தயச் சந்தை இதே ஊர்தான். மழை வருமா என்பதில் தொடங்கிய பந்தயம் என்பார்கள். வருடத்துக்கு நாலு மழை பெய்கிற ஊரில் அது இயல்புதானே.

ராம்தேவ்ராவில் பாபா ராம்தேவ் சமாதிக் கோயில். யோகா குருவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இவர் பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய நாட்டார் தெய்வம். முஸ்லிம்கள் ராம்சா பீர் என்று வணங்குகிறார்கள். துணியால் செய்த குதிரைதான் காணிக்கை, கடைத்தெரு முழுவதும் கைப்பிடி அளவிலிருந்து ஆள் உயரம்வரை குதிரைகள் தொங்கும். அங்கிருந்து 12 கி.மீ. பொக்ரான். 1974 மே 18லும் 1998 மே 11, 13 தேதிகளிலும் அணுகுண்டுச் சோதனை நடந்த இடத்தைப் பார்க்கலாமா என்று கேட்டு வருகிறவர்கள் நிறைய. அப்துல் கலாம் பெயரால் தமிழர்களுக்கு அதில் ஓர் ஒட்டுதல் உண்டு. பார்க்க முடியாது. அது ராணுவத் தளம், வேலிக்கு வெளியிலிருந்தும் ஒன்றும் தெரியாது. அதற்குப் பதில் குயவர் தெருவில் செம்மண் பாண்டம் வாங்கலாம். ஜெய்சால்மர் சாலையில் தோலியா பக்கம் பிரிந்து போனால் பாதரியா மாதா கோயிலில் தரைக்கடியில் ஒரு பெரிய நூலகம் இருக்கிறது. ஒரு துறவி சேர்த்த லட்சக்கணக்கான புத்தகங்கள், கண்ணாடி அலமாரிகளில் வரிசையாக. தரைக்குச் சில மீட்டர் கீழே வெப்பம் ஆண்டு முழுவதும் பெரிதாக ஏறி இறங்காது, புழுதியும் வராது. காகிதத்துக்கு அதைவிட நல்ல இடம் இந்த ஊரில் கிடையாது. படிப்பவர்கள்தான் குறைவு.

கல்லான மரம், காலியான ஊர்

ஜெய்சால்மரில் இரண்டு மூன்று ராத்திரி தங்கி, சுற்றியிருப்பவற்றைப் போய்ப் போய்ப் பார்த்து வரலாம்.

பார்மர் சாலையில் 17 கி.மீ. தள்ளி அகல் புதைபடிவ மரப் பூங்கா. 21 ஹெக்டேர் பொட்டல். உள்ளே போனதும் பலருக்கு ஏமாற்றம்தான் வரும். கம்பிக் கூண்டும் தகரக் கூரையுமாக அங்கங்கே நிற்கும், உள்ளே பழுப்பு நிறக் கட்டை ஒன்று பாதி புதைந்து கிடக்கும். விறகு மாதிரி இருக்கும் அது கல், 18 கோடி ஆண்டு பழையது. ஜுராசிக் காலத்தில் இங்கே ஆறுகள் ஓடின, பெரிய காடு இருந்தது. சாய்ந்த மரம் ஆற்று வண்டலில் சீக்கிரமே மூடிக்கொண்டால் காற்றுப் படாது, காற்றுப் படாவிட்டால் மட்காது. நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் சிலிக்கா மரத்தின் நுண்ணறைகளுக்குள் நுழைந்து கொஞ்சம் கொஞ்சமாக அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் மரத்தின் வரிகள் அப்படியே நிற்கின்றன. பிறகு காற்றும் அரிய மழையும் மேலேயிருந்த மென்பாறையை அரித்துவிட, கடினமான கல்மரம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. மேலே செடிகொடி மூடாததால்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. நண்பகலில் போனால் எல்லாம் ஒரே பழுப்பு, மாலை நாலரை மணி சாய்வெயிலில்தான் வரிகள் எடுபடும். துண்டு பொறுக்கி வராதீர்கள். கூண்டு வந்ததே அப்படிப் பொறுக்கியவர்களால்தான்.

ஜெய்சால்மர் கடைகளில் ஹாபூர் கல் என்று மஞ்சள் கிண்ணம் ஒன்று விற்பார்கள். அதில் பால் ஊற்றி வைத்தால் உறை இல்லாமலே தயிராகும் என்பார்கள். கல்லில் தெரியும் கிளிஞ்சல் படிவங்கள் நிஜம், இந்த இடம் ஒரு காலத்தில் கடலடியில் இருந்தது. தயிர் விஷயத்தில், ஏற்கெனவே தயிர் வைத்த எந்தப் பாத்திரத்திலும் கழுவாத ஒட்டல் இருந்தால் பால் உறையும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

குல்தாரா, ஜெய்சால்மர் நகரத்துக்கு மேற்கே 18 கி.மீ. பாலிவால் பிராமணர்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விட்டுப்போன ஊர். திவான் சாலிம் சிங் ஊர்த்தலைவர் மகள்மேல் கண் வைத்தான், அதனால் 84 ஊர்க்காரர்களும் ஒரே இரவில் சாபமிட்டுவிட்டுக் கிளம்பினார்கள் என்று வழிகாட்டி சொல்வார். பேய்க் கதைதான் டிக்கெட் விற்கிறது. வரிச்சுமையும், கிணறு வற்றியதும் ஊர் மெல்ல மெல்லக் கரைவதற்குப் போதுமான காரணங்கள். நிலநடுக்கம் ஒன்றும் இருந்திருக்கலாம் என்று இடிபாடுகளை ஆராய்ந்த புவியியலாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

பேயைவிட வியப்பான விஷயம் வேறு. ஆண்டுக்கு 200 மி.மீ.யை ஒட்டியே மழை பெய்யும் இந்த நிலத்தில் பாலிவால்கள் கோதுமை விளைவித்துப் பணக்காரர்களாக இருந்தார்கள். எப்படி என்பதை குல்தாராவுக்குள் யாரும் காட்டுவதில்லை. அங்கிருந்து காபா கோட்டைக்குப் போகும் சாலையில் ஜனவரியில் போனால் பாறைப் பொட்டலுக்கு நடுவே திடீரென்று பச்சைப் பாயை விரித்த மாதிரி ஒரு வயல் வரும். அதுதான் கடீன்.

சுற்றிலும் மெல்லிய சரிவுள்ள பாறைமேடு. சரிவு வந்து முடியும் தாழ்ந்த இடத்தில், சரிவுக்குக் குறுக்கே ஆள் உயரத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக ஒரு நீள மண்கரை. பாறை தண்ணீரைக் குடிக்காது. பெய்கிற மழை வழிந்து ஓடி வந்து கரைக்கு உள்பக்கம் தேங்கும், கூடவே சரிவிலிருந்து மென்மண்ணையும் கொண்டுவந்து படியவைக்கும். கரை உடையாமல் இருக்க ஒரு ஓரத்தில் கல் பாவிய கலிங்கல், தேவைப்பட்டால் வடிக்க ஒரு மதகு. ஆகஸ்டில் தேங்கிய நீர் அக்டோபர், நவம்பருக்குள் நிலத்துக்குள் இறங்கிவிடும். ஏரி காய்ந்த இடமே வயல். ஈரம் இருக்கும்போதே கோதுமையும் கடலையும் விதைப்பார்கள், அதற்கப்புறம் ஒரு சொட்டுத் தண்ணீர் பாய்ச்ச வேண்டியதில்லை. மார்ச்சில் அறுவடை.

கணக்கு எளிது. ஒரு ஏக்கர் வயலுக்கு 15 ஏக்கர் சரிவு என்று வையுங்கள். சரிவில் விழும் மழையில் ஐந்தில் ஒரு பங்குதான் வயலுக்கு வந்து சேர்கிறது என்றாலும், வயலில் நேரே விழும் 200 மி.மீ.யோடு இன்னும் 600 மி.மீ. சேர்ந்த கணக்காகிறது. 800 மி.மீ. மழையில் கோதுமை விளையாமல் போனால்தான் ஆச்சரியம். இன்னொரு நுணுக்கம்: இப்படி நீர் தேங்கினால் வறண்ட நாட்டில் உப்பு மேலேறி நிலம் கெட வேண்டும். கரைக்கு வெளிப்பக்கம் தோண்டிய கிணற்றில் கசிவு நீர் இறங்குவதால் உப்பும் கூடவே கீழே போய்விடுகிறது, கிணற்றில் குடிநீரும் கிடைக்கிறது. கடீன் எங்கே தோற்கும் என்றால், மேலே சரிவில் கல் வெட்டியோ சாலை போட்டோ நீர்வழியை மறித்தால். இப்போது அதுதான் நடக்கிறது. வயலுக்குள் கார் இறக்காதீர்கள், கரைமேல் நின்று பார்த்தால் போதும்.

எல்லைச் சாலை

ஒரு முழு நாளை ஒதுக்க வேண்டிய சுற்று இது. ஜெய்சால்மரிலிருந்து ராம்கட் 65 கி.மீ., அங்கிருந்து தனோட் 55 கி.மீ. சொச்சம், தனோட்டிலிருந்து லோங்கேவாலா 40, திரும்ப ராம்கட் 45 வரும். ராம்கட்டில் பெட்ரோல் பங்க் உண்டு, அதற்கப்பால் நம்ப வேண்டாம். ஜெய்சால்மரிலேயே டேங்க்கை நிரப்பி, ஆளுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். செல்போன் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். வரைபடம் காட்டும் 'குறுக்கு வழி' என்பது இங்கே பெரும்பாலும் ஒட்டகத் தடம். ஆதார் மாதிரி ஓர் அடையாள அட்டை கட்டாயம் இருக்கட்டும். தனோட்டைத் தாண்டி எல்லைத் தூண்வரை போக எல்லைப் பாதுகாப்புப் படையின் அனுமதி தனியாக வேண்டும். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் கடவுச்சீட்டு உள்ள தமிழர்கள் கவனிக்க வேண்டியது: இந்த எல்லைப் பட்டையின் பெரும்பகுதி வெளிநாட்டவருக்குக் கட்டுப்பாடு உள்ள பகுதி, ஜெய்சால்மரில் முன்கூட்டியே அனுமதி பெறாமல் போனால் சோதனைச் சாவடியிலிருந்து திரும்ப வேண்டியிருக்கும்.

ராம்கட் வட்டாரத்தில் மணலுக்கு அடியில் ஜிப்சம் படலம் ஓடுகிறது. கீழேயிருக்கும் நிலத்தடி நீர் உப்பு. மேலே பெய்த மழை அந்தப் படலத்தைத் தாண்டி இறங்க முடியாமல் மணலில் ஈரமாகவே தங்கிவிடும். படலத்துக்குச் சற்று மேலே நிற்கும்படி ஆள் நுழையும் அளவே அகலமான குழி தோண்டினால், சுற்றியிருக்கும் மணலின் ஈரம் சொட்டுச் சொட்டாகக் குழிக்குள் சேரும். பேரி என்பார்கள். நாளுக்குச் சில குடம்தான், ஆனால் நல்ல தண்ணீர். வாய் குறுகலாக இருந்தால்தான் ஆவியாகாது. படலத்தை உடைத்துவிட்டால் போச்சு, நல்ல தண்ணீர் கீழே உப்போடு போய்க் கலந்துவிடும்.

தனோட் மாதா கோயிலை நடத்துவது எல்லைப் பாதுகாப்புப் படை, பூசை செய்வதும் ஜவான்கள்தான். 1965 போரில் இந்தப் பகுதியில் சுமார் 3,000 குண்டுகள் விழுந்தும் கோயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது நம்பிக்கை. வெடிக்காத குண்டுகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். பக்தர்கள் வேண்டிக்கொண்டு கைக்குட்டை முடிந்துவிட்டுப் போகிறார்கள். நம்பிக்கையோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்: மோதினால் வெடிக்கும் குண்டுக்குக் கெட்டியான தரை வேண்டும். மென்மணல் அந்த அதிர்ச்சியை உள்வாங்கிக்கொண்டால் திரி சில சமயம் வேலை செய்யாது.

லோங்கேவாலாவில் அதே மணல் வேறொரு வேலை செய்தது. 1971 டிசம்பர் 4 இரவு, மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரி தலைமையில் 23 பஞ்சாப் படைப்பிரிவின் ஏறக்குறைய 120 பேர் இருந்த காவல் நிலையை நோக்கி 40க்கும் மேற்பட்ட டாங்கிகளோடு பாகிஸ்தான் படை வந்தது. இருட்டில் சாலையை விட்டு விலகிய டாங்கிகள் மணலில் சிக்கின. ஜெய்சால்மரிலிருந்த ஹண்டர் விமானங்களுக்கு இரவில் தாக்கும் வசதி இல்லை, விடியும்வரை காவல் நிலை தாக்குப்பிடித்தது. விடிந்ததும் பொட்டல் வெளியில் மறைவே இல்லாமல் நின்ற டாங்கிகள் ஒவ்வொன்றாக அடிபட்டன. அவற்றில் சில இன்றும் நினைவிடத்தில் நிற்கின்றன. சங்கிலிச் சக்கரத்தை அருகில் பார்த்துவிட்டு உங்கள் கார் டயரையும் ஒரு தடவை பாருங்கள்.

இந்தச் சாலையில் காற்று அடித்த மறுநாள் மணல் நாக்கு நீட்டித் தார்ச்சாலையின் குறுக்கே கிடக்கும். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, இறங்கி நடந்து ஆழம் பார்த்து, இரண்டாவது கியரில் ஒரே சீராக, ஸ்டியரிங்கைத் திருப்பாமல் போக வேண்டும். நடுவில் பிரேக் பிடித்தால் டயருக்கு முன்னால் மணல் குவிந்து அணையாகிவிடும். சிக்கிவிட்டால் ஆக்சிலேட்டரை மிதிப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. டயர் சுழலச் சுழலக் குழி ஆழமாகி வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்துவிடும், அப்புறம் டிராக்டர்தான். டயருக்கு முன்னும் பின்னும் வயிற்றுக்கு அடியிலும் மணலைக் கையால் வாரி, தரைவிரிப்பை டயருக்கடியில் திணித்து, வந்த தடத்திலேயே பின்னோக்கி எடுங்கள். டயர் காற்றை 32 பிஎஸ்ஐயிலிருந்து 18 வரை இறக்கினால் அது நீளவாக்கில் அதிகம் பதிந்து மணல்மேல் மிதக்கும். ஆனால் கையில் காற்றடிக்கும் கருவி இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். காற்று குறைந்த டயரோடு தார்ச்சாலையில் வேகம் பிடித்தால் பக்கச்சுவர் சூடேறிக் கிழியும். சாதாரண காருக்கு ஒரே விதி: தார்ச்சாலையை விட்டு இறங்காதே. சாலையோரம் நிறுத்தும்போதும் முள்ளைப் பாருங்கள். இங்கே விலாயதி பாபுல் என்கிற மரம் நம் சீமைக்கருவேலமேதான், பஞ்சர் போடுவதில் ஊர் பேதம் பார்ப்பதில்லை. பாண்ட்டில் ஒட்டும் பரூட் புல்லின் முள்ளுருண்டையை விரலால் பிடுங்கினால் விரலில் ஏறிக்கொள்ளும், ஒரு சாமணம் வைத்துக்கொள்ளுங்கள்.

தெற்கே

ஜெய்சால்மரிலிருந்து பார்மர் 155 கி.மீ. பார்மருக்கு மேற்கே 35 கி.மீ. தள்ளி கிராடு. 11ஆம் நூற்றாண்டை ஒட்டிய ஐந்து கோயில்களின் எச்சம், சோமேஸ்வரர் கோயில்தான் இருப்பதில் பெரியது. பொழுது சாய்ந்தபின் தங்கினால் கல்லாகிவிடுவார்கள் என்று ஊரில் சொல்வார்கள். கல்லாகிறார்களோ இல்லையோ, வாயிற்கதவை அடைத்துவிடுவார்கள். தூண்களின் அடிவரிசையில் யானை, குதிரை, ஆட்கள் என்று பட்டை பட்டையாகச் செதுக்கியிருப்பதைக் குனிந்து பாருங்கள், மேலே அண்ணாந்து பார்ப்பவர்கள் தவறவிடுவது அது.

பார்மரிலிருந்து ஜோத்பூர் வழியில் பாலோத்ராவுக்கு அருகே பச்பத்ரா. கடல் பக்கத்திலேயே இல்லாத உப்பளம். தூத்துக்குடி, வேதாரண்யம் பாத்தி உப்பைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்கும். கார்வால் சமூகத்தார் ஆழமான குழி தோண்டி, ஊறி நிற்கும் உப்புநீருக்குள் மோர்லி என்னும் முள்செடிக் கிளைகளைப் போட்டு வைப்பார்கள். ஒவ்வொரு முள் நுனியும் உப்புப் படிகம் பிடித்து வளர ஒரு பிடிமானம். நாளாக ஆகக் கிளை முழுவதும் கனசதுரக் கற்களாக மூடிக்கொள்ளும். இப்போது பக்கத்திலேயே பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை எழுந்திருக்கிறது, சாலை முழுவதும் லாரி. முள் உப்பைப் பார்க்க நினைப்பவர்கள் தள்ளிப்போடாமல் பார்த்துவிடுவது நல்லது.

ஜோத்பூரிலிருந்து பாலி போகும் நெடுஞ்சாலையில் 50 கி.மீ. தள்ளி சோட்டிலாவில் கடைசி நிறுத்தம். கண்ணாடிக் கூண்டுக்குள் மாலை போட்டு நிற்பது ஆர்என்ஜே 7773 என்ற எண்ணுள்ள 350 சிசி புல்லட். 1980களின் இறுதியில் இந்த இடத்தில் மரத்தில் மோதி இறந்த ஓம் சிங் ராத்தோரின் வண்டி. காவல் நிலையத்துக்குக் கொண்டுபோன வண்டி மறுநாள் காலை விபத்து நடந்த இடத்திலேயே நின்றது, பெட்ரோலை வடித்துவிட்டு, சங்கிலி போட்டும் நிற்கவில்லை என்பது கதை. ராஜபுத்திர இளைஞரை மரியாதையாக அழைக்கும் 'பன்னா' சேர்ந்து அவர் ஓம் பன்னா ஆனார். லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்காமல் தாண்டுவதில்லை. மரத்தில் சிவப்புக் கயிறும் வளையலும் கட்டுகிறார்கள், மதுவும் படைக்கிறார்கள். கால்நடையைக் காக்கப் போராடி இறந்தவனைக் கல்லில் நிறுத்தி போமியா என்று கும்பிடும் வழக்கம் இந்த மண்ணில் பழையது, நடுகல் தெரிந்த நமக்கு அதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. குதிரை இருந்த இடத்தில் புல்லட் வந்திருக்கிறது, அவ்வளவே. கோயிலுக்கு எதிரே இருபுறமும் வண்டிகள் தாறுமாறாக நிற்கும், சாலையைக் கடந்து ஓடுகிறவர்களும் அதிகம். நூறு மீட்டர் தள்ளி, சாலையை விட்டு நன்றாக இறக்கி நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள்.